ஒரே மாசத்துல நாவலோட முதல் டிராஃப்ட்: அடிக்கடி வர்ற கேள்விகள்

நாவல் எழுத ஆரம்பிச்சு பாதியில நின்னவங்க, ஆரம்பிக்கவே தயங்கறவங்க, ஒரு மாசம் லீவு கிடைச்சிருக்கு அதுக்குள்ள முடிக்க முடியுமான்னு கேக்கறவங்க, இப்படிப் பலபேர் என்கிட்ட கேட்டதை எல்லாம் இங்க ஒண்ணா சேர்த்திருக்கேன். முதல் டிராஃப்டை வேகமா எழுதி முடிக்கறதைப் பத்தி மட்டும்தான் பேசறேன், பதிப்பகம் தேடறது, அட்டை போடறது, விக்கிறது எதுவும் இதுல இல்ல.

ஒரு மாசத்துல நாவல் எழுத முடியுமா, நிஜமாவே?

முடியும். தஸ்தயெவ்ஸ்கி 1866 அக்டோபர்ல ‘சூதாடி’யை 26 நாள்ல முடிச்சார். ஸ்தெல்லோவ்ஸ்கின்னு ஒரு பதிப்பாளர்கிட்ட கடன் நெருக்கடில போட்ட ஒப்பந்தம் அது, நவம்பர் 1க்குள்ள புது நாவல் குடுக்கலைன்னா அடுத்த 9 வருஷத்துக்கு அவர் எழுத்தை எல்லாம் காசு குடுக்காம போட்டுக்கலாம்னு அதுல இருந்துச்சு. அன்னான்னு 20 வயசுப் பொண்ணு, சுருக்கெழுத்து படிச்சவங்க, அவங்க வந்து உக்காந்து இவர் சொல்லச் சொல்ல எழுதி, ராத்திரி வீட்டுக்குப் போய் அதை விரிச்சு எழுதி மறுநாள் கொண்டு வருவாங்க. முடிச்சுக் கொண்டுபோய் குடுக்கப் போனா அந்த ஆள் ஊர்லயே இல்ல, அதனால போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சு ரசீது வாங்கினாங்க. அடுத்த வருஷம் ரெண்டு பேரும் கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க.

இந்தக் கதையைச் சொல்றவங்க பெரும்பாலும் விட்டுடற விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த நாவலோட கரு அவர் மனசுல 1863லயே வந்தாச்சு, நண்பருக்குக் கடிதத்துல எழுதியும் இருக்கார். அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கெரோவாக் ‘ஆன் தி ரோட்’ நாவலை 1951 ஏப்ரல்ல மூணு வாரத்துல நீளச் சுருள் காகிதத்துல ஒரே மூச்சா டைப் பண்ணினார்னு சொல்வாங்க, அதுக்கும் பல வருஷ நோட்டுப் புத்தகங்கள் முன்னாடியே இருந்துச்சு. அதனால கையால எழுதற வேகம் ஒரு மாசமா இருக்கலாம், மனசுக்குள்ள ஓடினது அதை விட நீளம். உங்க கதை உங்களுக்குள்ள கொஞ்ச நாளாவது கிடந்திருந்தா ஒரு மாசம் போதும். நேத்து ராத்திரி தோணின கதைன்னா கொஞ்சம் பொறுங்க.

தினம் எவ்வளவு எழுதணும்? 50,000 வார்த்தைன்னு சொல்றாங்களே

அது அமெரிக்கக் கணக்கு. 1999ல சான் பிரான்சிஸ்கோ பக்கம் கிறிஸ் பேட்டின்னு ஒருத்தர் 21 பேரோட ஆரம்பிச்ச ‘நானோரைமோ’தான் ஒரு மாசம், 50,000 வார்த்தைங்கற பழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பினது, தினம் 1,667 வார்த்தை வரும். அந்த அமைப்பை 2025 மார்ச்ல மூடறதா அறிவிச்சுட்டாங்க, ஆனா அந்தக் கணக்கு மட்டும் எல்லார் தலையிலயும் அப்படியே தங்கிடுச்சு.

தமிழ்ல அப்படியே அதை வச்சுக்காதீங்க. நம்ம வார்த்தைங்க ஒட்டிக்கிட்டு வர்றது, ‘வந்துக்கிட்டிருந்தவங்ககிட்டதான்’னு எழுதினா கம்ப்யூட்டருக்கு அது ஒரே வார்த்தை, இங்கிலீஷ்ல அதையே சொல்ல அஞ்சாறு வேணும். நான் சொல்றது தினம் 1,000, முப்பது நாள்ல 30,000. புத்தகப் பக்கத்துக்கு எழுத்து சைஸைப் பொறுத்து 200லேர்ந்து 250 வார்த்தை வரும்னு வச்சா 120லேர்ந்து 150 பக்க நாவல், முதல் நாவலுக்கு அது தாராளம். அதுவும் முடியாதுன்னா 600 வச்சுக்கிட்டு ஐம்பது நாள் எழுதுங்க, ஒண்ணும் குறைஞ்சு போகாது. தினம் எட்டக்கூடிய ஒரு நம்பர் இருக்கணும், அதான் வேணும்.

எந்த மாசம் நல்லது?

நானோரைமோ நடந்த நவம்பர் நமக்குச் சரிப்படாது. தீபாவளி முன்னப் பின்ன வரும், மழை, கரண்ட் கட், பசங்களுக்கு ஜுரம். நான் எல்லாருக்கும் சொல்றது ஆடி இல்லைன்னா மார்கழி. இந்த ரெண்டு மாசத்துலயும் கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது, பத்திரிகை வராது, சனி ஞாயிறு பூரா உங்களோடது. மார்கழில எப்படியும் வீட்டுல சீக்கிரம் எழுந்துடறவங்க இருப்பாங்க, அந்த விடியக்காலைக் குளிர்ல காபியோட உக்காந்து எழுதறதுக்கு ஈடு எதுவும் இல்ல. காலேஜ் பசங்களுக்கு மட்டும் பரீட்சை முடிஞ்ச மே மாசம்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்னெல்லாம் தயாரா இருக்கணும்?

ரொம்பக் கம்மியா. யாரோட கதை, அவங்களுக்கு என்ன வேணும், யார் இல்லைன்னா எது குறுக்க நிக்குது, கடைசில ஏறக்குறைய எங்க போய் நிக்கப்போறாங்க. இந்த நாலையும் ஒரு பக்கத்துல எழுதிடுங்க. அதுக்கு மேல ஒரு பத்துப் பதினஞ்சு காட்சி, காட்சிக்கு ஒரு வரி போதும், "கல்யாண மண்டபத்துல பழைய சிநேகிதனைப் பாக்கறா" அப்படிங்கற அளவுக்கு. கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரிதான், புள்ளி இருந்தா இழை எப்படி சுத்தினாலும் திரும்பி வந்துடும்.

இன்னொண்ணு, தமிழ்ல எழுதறவங்க கட்டாயம் முதல் நாளே முடிவு பண்ண வேண்டியது: கதை சொல்ற மொழி என்ன, பேசற மொழி என்ன. கதைசொல்லி எழுத்து வழக்குல சொல்லப்போறாரா, இல்ல முழுக்கப் பேச்சு வழக்கா? வசனம் எந்த ஊர்? நாகர்கோவில்காரர் பேசறதும் கோயம்புத்தூர்க்காரர் பேசறதும் ஒண்ணு இல்ல, ஒரே வீட்டுக்குள்ளயே பாட்டி ஒரு மாதிரி பேசுவாங்க, பேத்தி ஒரு மாதிரி பேசுவா. இதை முடிவு பண்ணாம ஆரம்பிச்சா மூணாவது அத்தியாயத்துல "சென்றான்"னும் "போனான்"னும் மாறி மாறி வந்து உங்களுக்கே எரிச்சலாகும், அந்த எரிச்சல்ல நிறுத்தினவங்களை நிறையப் பாத்திருக்கேன். உங்களுக்குக் காதால தெரிஞ்ச ஊர் வழக்கை எடுத்துக்கோங்க. தெரியாத வழக்குன்னா வசனத்தைப் பொதுவா எழுதிட்டு, பின்னாடி அந்த ஊர்க்காரர் ஒருத்தர் கிட்ட படிச்சுக் காட்டித் திருத்துங்க.

வேலைக்குப் போறேன், வீட்டு வேலையும் இருக்கு. நேரம் எங்க?

அந்தோணி டிராலப்னு 19ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ் நாவலாசிரியர், தபால் துறையில முழுநேர உத்தியோகம், 47 நாவல் எழுதினார். காலைல அஞ்சரைக்கு மேஜைக்கு வந்துடுவார், கடிகாரத்தை முன்னாடி வச்சுக்கிட்டு கால் மணிக்கு 250 வார்த்தைன்னு கணக்கு வச்சு எழுதுவார், மூணு மணி நேரத்துல முடிச்சுட்டு டிபன் சாப்பிட்டு ஆபீஸ் போவார். அவரை எழுப்பிக் காபி குடுக்க வேலைக்காரர் ஒருத்தருக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதலா குடுத்தார், தன்னோட வெற்றில அந்த ஆளுக்குத்தான் பெரிய பங்குன்னு சுயசரிதைல மனசாரச் சொல்லியிருக்கார்.

உங்களுக்கு மூணு மணி நேரமெல்லாம் வேண்டாம். கால் மணி டைமர் வச்சு எழுதிப் பாருங்க, எத்தனை வார்த்தை வருதுன்னு ரெண்டு மூணு நாள் குறிச்சுக்கோங்க. 200 வந்தா அஞ்சு கால் மணியில 1,000 ஆச்சு. அந்த அஞ்சும் சேர்ந்தே இருக்கணும்னு இல்ல, காலைல ரெண்டு, மதியம் சாப்பாட்டு இடைவேளைல ஒண்ணு, ராத்திரி ரெண்டு. ஆனா ஒண்ணாவது தினமும் ஒரே நேரத்துல, ஒரே இடத்துல இருக்கட்டும். அந்த இடத்துல உக்காந்தாலே மனசு கதைக்குள்ள போயிடும்.

இதுல பொண்ணுங்களுக்குத் தனியா ஒண்ணு சொல்லணும். கசுவோ இஷிகுரோ 1987ல நாலு வாரம் திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் காலை ஒன்பது மணிலேர்ந்து ராத்திரி பத்தரை வரை எழுதித்தான் அவரோட புக்கர் பரிசு நாவலோட அடித்தளத்தைப் போட்டார். போன் எடுக்கலை, தபால் பாக்கலை. அந்த நாலு வாரமும் சமையல், வீட்டு வேலைன்னு அவர் செய்ய வேண்டிய பங்கையும் மனைவி லோர்னா சேர்த்துப் பாத்துக்கிட்டாங்க. நம்ம வீட்டுல ஒரு பொண்ணு எழுதறேன்னு சொன்னா அந்தப் பங்கை யார் எடுத்துப்பாங்க? இதை மாசம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வீட்டுல உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க, ராத்திரி பாத்திரம் யாரு, காலை டிபன் யாரு, பசங்க ஹோம்வொர்க் யாருன்னு பேர் போட்டு. "பாத்துக்கலாம்"னு விட்டா அது உங்க தலையிலதான் விழும். எழுத்து நின்னு போறதுக்கு திறமைக் குறைவை விட இதுதான் பெரிய காரணம்னு நான் நம்பறேன்.

போன்லயா, லேப்டாப்லயா, பேப்பர்லயா?

எது கைக்கு வேகமோ அது. லேப்டாப்னா ஒரு யோசனை: தமிழ்99 கத்துக்கோங்க. 1999ல தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்ட விசைப்பலகை, உயிரெழுத்து இடது கைப்பக்கம், மெய் பெரும்பாலும் வலது கைப்பக்கம், ஒரே எழுத்தை ரெண்டு தரம் தட்டினா முதல் எழுத்துக்குப் புள்ளி தானா விழும். ‘பக்கத்து’ன்னு அடிக்க இதுல 6 தட்டு, இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு மாத்தறப்போ சுமார் 10. நாவல் நீளத்துக்கு இதைப் பெருக்கிப் பாருங்க. ஆனா நாவல் எழுதற மாசத்துல உக்காந்து இதைக் கத்துக்காதீங்க, ரெண்டு மாசம் முன்னாடியே பழகிடுங்க.

போன்ல குரல்ல சொல்லியும் எழுதலாம், ஜிபோர்டுல தமிழ் மைக் இருக்கு, கூகுள் டாக்ஸ்லயும் இருக்கு. நிறுத்தக்குறி சரியா விழாது, வட்டார வழக்குல பேசினா கண்டபடி எழுதும், அதையெல்லாம் பின்னாடி சரி பண்ணலாம். நடக்கும்போது காட்சி தோணினா விட்டுடாம பிடிச்சு வைக்க இதை விட வசதி இல்ல.

எழுதினதைத் திரும்பிப் படிச்சா ரொம்ப மோசமா இருக்கு, என்ன செய்யறது?

படிக்காதீங்க. முந்தின நாள் எழுதின கடைசி அரைப் பக்கத்தை மட்டும், எங்க விட்டோம்னு தெரிஞ்சுக்க. அதுக்கு மேல போனா திருத்த ஆரம்பிச்சுடுவீங்க, திருத்த ஆரம்பிச்சா முதல் அத்தியாயம் பளபளன்னு இருக்கும், ரெண்டாவது அத்தியாயம் இருக்காது. மாத்தணும்னு தோணினா தனி நோட்டுல ஒரு வரி எழுதி வச்சுட்டு, ஏற்கெனவே மாத்திட்ட மாதிரி நினைச்சுக்கிட்டு மேல எழுதுங்க. அண்ணனை மாமாவா மாத்தணும்னு பாதில தோணுதா, "அண்ணன் இனிமே மாமா"ன்னு குறிச்சுக்கிட்டு அடுத்த வரிலேர்ந்து மாமாவாவே எழுதுங்க.

முதல் டிராஃப்ட் மோசமா இருக்கறது இயல்பு, அதுக்காக வருத்தப்பட வேண்டாம். முழுக்கதையும் தெரியாம எழுதின பக்கம் அது, முடிவு தெரிஞ்ச பிறகுதான் ஆரம்பம் எப்படி இருக்கணும்னே தெரியும்.

பத்துப் பன்னெண்டு நாள் நல்லா போச்சு. இப்போ உக்காந்தா ஒரு வரி கூட ஓடலை, ஆர்வமே போச்சு

இதுதான் எல்லாரும் கேக்கற கேள்வி, அதனால இதுக்குக் கொஞ்சம் நீளமா சொல்றேன்.

ஆர்வம் போச்சுன்னு நினைச்சு நிறைய பேர் வெளியில தேடறாங்க, ஊக்கம் குடுக்கற வீடியோ பாக்கறாங்க, புது நோட்டு வாங்கறாங்க, இடத்தை மாத்தறாங்க. நான் பாத்த வரைக்கும் முக்கால்வாசி நேரம் பிரச்சனை கதைக்குள்ள இருக்கு. அந்தக் காட்சில யாருக்கும் எதுவும் வேண்டாம்னு ஆயிருக்கும். யாரும் எதையும் தேடாத காட்சியை எழுத உங்களுக்கே ஏன் ஆசை வரும்?

ஒரு உதாரணம் வச்சே பாப்போம். திருநெல்வேலி ஏரல் பஸ்ல ஒரு கண்டக்டர், ரிட்டயர் ஆக ஆறு மாசம், மக கல்யாணத்துக்குப் பணம் பத்தலை. ஒரு நாள் கடைசி சீட்டுக்கு அடியில துணிப்பை கிடைக்குது, உள்ள நகை. டிப்போல ஒப்படைக்காம வீட்டுக்குக் கொண்டு வந்து அரிசி டிரம்முக்குள்ள வச்சுடறார். இது வரைக்கும் விறுவிறுன்னு எழுதிடுவோம். அடுத்து என்ன ஆகும்? அவர் தூக்கம் வராம புரள்வார், மொட்டைமாடில நிப்பார், டீக்கடைல பழசை நினைப்பார், மறுபடி புரள்வார். ஐந்தாறு பக்கம் இப்படிப் போன உடனே நின்னுடும். அவர் காத்துக்கிட்டு இருக்கார், அதனால கதையும் காத்துக்கிட்டு இருக்கு.

இந்த இடத்துல கேக்க வேண்டிய கேள்வி: அந்தப் பை இன்னிக்கு வேற யாருக்கு வேணும்? தொலைச்சவங்களுக்கு. சரி, அவங்களை இன்னிக்கே கூட்டிட்டு வாங்க. டைம் கீப்பர் ஆபீஸ்ல அந்த அம்மா அழுதுக்கிட்டு நிக்கறாங்க, டைம் கீப்பர் நம்ம ஆளைக் கூப்பிட்டு, "உம்ம வண்டிதானவே, நீரே விசாரிச்சு எழுதிக் குடும்"னு பேப்பரையும் பேனாவையும் நீட்டறார். இப்போ எழுதுங்க:

"எந்த சீட்டும்மா?"

"கடைசி சீட்டுண்ணே. பைய காலுக்குக் கீழதான் வச்சிருந்தேன்."

"உள்ள என்னல்லாம் இருந்துச்சு?"

"வளையல் நாலு. தோடு ஒரு சோடி. எம்மவ நிச்சயத்துக்குன்னு மீட்டுட்டு வந்ததுண்ணே."

அவர் எழுதறார், வளையல் நாலு. எழுதும்போதே கை நிக்குது, ஏன்னா ராத்திரி டிரம்முக்குள்ள வைக்கறதுக்கு முன்னாடி அவர் எண்ணிப் பாத்தது ஆறு.

அந்த அம்மா ஏன் நாலுன்னு சொன்னாங்க? இந்தக் கேள்வி வந்ததுக்கு அப்புறம் உங்களால நாளைக்கு எழுதாம இருக்க முடியாது, ஏன்னா பதில் உங்களுக்கே தெரியணும். ஆர்வம்னு நாம சொல்றது இதுதான், அடுத்த காட்சி மேல உங்களுக்கு வர்ற பசி. அதை வெளிலேர்ந்து கொண்டு வர முடியாது.

அதனால நின்னு போனா இந்த வரிசைல பாருங்க: இந்தக் காட்சில யாருக்கு என்ன வேணும், அதைத் தடுக்கறது யாரு, காட்சி முடியும்போது யாருக்காவது ஏதாவது மாறியிருக்கா. பதில் இல்லைன்னா அந்தக் காட்சியைத் தூக்கிப் போட்டுட்டு மாற்றம் நடக்கற இடத்துக்கு நேரா தாவுங்க. நடுவுல என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி எழுதிட்டுத் தாவலாம், யாரும் கேக்கப் போறதில்ல.

இன்னொரு பழக்கம், ஹெமிங்வே சொன்னது: அடுத்து என்ன நடக்கும்னு தெரிஞ்சிருக்கும்போதே அன்னிக்கு நிறுத்திடணும். சுரந்துக்கிட்டு இருக்கறப்போ நிறுத்த மனசு வராது, ஆனா நிறுத்துங்க, முடிஞ்சா வாக்கியத்தைப் பாதில விட்டுட்டு எழுந்திருங்க. மேல சொன்ன காட்சில "ஆறு"ங்கறதுக்கு அப்புறம் பேனாவை மூடிடலாம். மறுநாள் வெள்ளைப் பக்கத்தைப் பாத்து முழிக்க வேண்டிய அவசியமே வராது.

இத்தனையும் பண்ணியும் ஓடலைன்னா உடம்பைப் பாருங்க. தூக்கம் கம்மியா, ஜுரமா, வீட்டுல பெரிய கவலை ஏதாவதா? அப்போ நாவலை விட அதுதான் முக்கியம், ரெண்டு நாள் விடுங்க.

நாலஞ்சு நாள் விட்டுப்போச்சு. பாக்கியை எல்லாம் சேர்த்து எழுதணுமா?

வேண்டாம். விட்ட 5,000ஐ ஒரே ஞாயித்துக்கிழமை எழுதறேன்னு உக்காந்தா அதுவும் வராது, அதோட வெறுப்பும் வந்துடும். கெடுவைத் தள்ளி வச்சுக்கோங்க, இன்னிக்கு 300 மட்டும் எழுதுங்க. மறுநாள்லேர்ந்து பழைய அளவு.

சரித்திர நாவல் எழுதறேன், ஒவ்வொரு வரிக்கும் ஆராய்ச்சி தேவைப்படுது

சோழர் காலத்து நாவல் ஆரம்பிச்சு கல்வெட்டுத் தொகுதிகளுக்குள்ள இறங்கி வெளில வராதவங்க நிறைய. படிக்கறது சுகம், எழுதறது கஷ்டம், அதனால மனசு படிக்கறதுலயே இருந்துக்கும். ஆராய்ச்சியை எழுதற மாசத்துக்கு முன்னாடி ஒரு அளவுக்கு முடிச்சுடுங்க. எழுதும்போது தெரியாதது வந்தா ஒரு அடையாளம் போட்டுட்டுப் போங்க, ###னு வச்சுக்கோங்க, வேற எங்கயும் வராத குறி, பின்னாடி தேடினா எல்லாம் ஒண்ணா கிடைக்கும். "தளபதி ### ஊர்லேர்ந்து ### நாள்ல வந்து சேர்ந்தான்." போதும்.

சாப்பாட்டுக் காட்சிலதான் பலபேர் தடுக்கி விழறாங்க. பத்தாம் நூற்றாண்டு வீட்டுல மிளகாய் கிடையாது, தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கும் கிடையாது, இதெல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர், ஐரோப்பியக் கப்பல் வந்ததுக்கு அப்புறம்தான் நம்ம ஊருக்கு வந்துச்சு. காரத்துக்கு மிளகுதான். அதை முதல் டிராஃப்டுலயே சரியா எழுதணும்னு அவசியம் இல்ல, "சாப்பிட்டார்கள் ###"னு எழுதிட்டு அவங்க என்ன பேசிக்கிட்டாங்கன்னு எழுதுங்க. கதை அந்தப் பேச்சுலதான் இருக்கு.

பாதில வேற ஒரு நல்ல ஐடியா வந்து இழுக்குது

எல்லாருக்கும் வரும், சரியா கதை கஷ்டமாகற இடத்துல வரும். தனியா ஒரு பக்கத்துல எழுதி மூடி வைங்க. அது நல்ல ஐடியான்னா அடுத்த மாசமும் நல்லாத்தான் இருக்கும்.

தொடரா போட்டுக்கிட்டே எழுதலாமா? படிக்கறவங்க காத்திருந்தா ஒரு வேகம் வருமே

வரும், உண்மைதான். தமிழ் நாவல் வளர்ந்ததே தொடராத்தான். கல்கி ‘பொன்னியின் செல்வன்’ஐ 1950லேர்ந்து 1954 வரைக்கும் வாராவாரம் எழுதினார். நம்ம காலத்துல ஜெயமோகன் 2014 ஜனவரிலேர்ந்து 2020 ஜூலை வரை மகாபாரதத்தை 26 நாவலா, நாவலுக்கு நாவல் இடைவெளி விட்டு, தினம் ஒரு அத்தியாயமா இணையத்துல எழுதினார். படிக்கறவங்க காத்திருக்காங்கங்கற நினைப்பு பெரிய பலம்.

ஆனா அவங்க ரெண்டு பேரும் தொடர் ஆரம்பிக்கறப்போ ஏற்கெனவே கை தேர்ந்தவங்க. முதல் நாவலுக்கு நான் வேண்டாம்னுதான் சொல்வேன். போட்ட அத்தியாயத்தைப் பின்னாடி போய் மாத்த முடியாது, அண்ணனை மாமாவாக்க முடியாது. அதை விட முக்கியம், கமெண்ட்ல "அவளைச் சாகடிச்சுடாதீங்க ப்ளீஸ்"னு பத்து பேர் கேட்டா உங்க கை நடுங்கும், அவ சாகறதுக்காகத்தான் கதையே எழுதியிருப்பீங்க. பிரதிலிபி மாதிரி இணையத்துல தொடர்கதை போடற இடத்துல போட்டே ஆகணும்னு ஆசைன்னா, பத்து அத்தியாயமாவது கையிருப்பு வச்சுக்கிட்டு முதல் அத்தியாயத்தைப் போடுங்க, அந்தக் கையிருப்பு அஞ்சுக்குக் கீழ இறங்கினா போடறதை நிறுத்துங்க, எழுதறதை நிறுத்தாதீங்க.

நாவல் எழுதறேன்னு வெளில சொல்லலாமா?

ஒருத்தர் கிட்ட மட்டும் சொல்லுங்க, அவங்களும் எழுதறவங்களா இருந்தா ரொம்ப நல்லது. தினம் ராத்திரி ரெண்டு பேரும் வாட்ஸ்அப்ல அன்னிக்கு எண்ணிக்கையை மட்டும் அனுப்பிக்கோங்க, "850", "1,100", "இன்னிக்கு இல்ல", அவ்வளவுதான். எழுதினதை அனுப்ப வேண்டாம், கதையையும் சொல்ல வேண்டாம். கதையை வாயால சொல்லி ஒருத்தர் "ஆகா"ன்னுட்டா, எழுதறதுக்கான பசி பாதி அங்கேயே அடங்கிடுது. சொந்தக்காரங்க கிட்ட முடிச்சுட்டுச் சொன்னா போதும், கல்யாண வீட்டுல பாக்கறப்போ எல்லாம் "என்னம்மா, புக் எப்போ வருது"ன்னு கேக்கறது அன்புலதான், இருந்தாலும் அது எழுதறவங்களுக்குப் பெரிய பாரம்.

ஏஐ கிட்ட குடுத்து எழுத வச்சா சீக்கிரம் முடியுமே?

பக்கம் முடியும். அந்த அம்மா ஏன் நாலு வளையல்னு சொன்னாங்கன்னு யோசிச்சுக் கண்டுபிடிக்கற சந்தோஷம் உங்களுக்குக் கிடைக்காது, அதுக்காகத்தானே எழுத வந்தோம். எழுத்துப்பிழை பாக்க, வருஷம் தேதி சரிபார்க்க உதவி வாங்கிக்கோங்க, சரிபார்த்ததையும் ஒரு தரம் நீங்களே பாத்துடுங்க.

முடிவு எழுத வரலை

கடைசிக் காட்சியை முன்னாடியே எழுதிடுங்க, இருபதாவது நாள்லயே. அப்புறம் நடுவுல இருக்கற பாலத்தை மட்டும் கட்டினா போதும். எழுதின முடிவு பின்னாடி மாறும், பரவாயில்ல, போய்ச் சேர ஒரு இடம் இருந்தா நடுப்பகுதி இழுக்காது.

முடிச்சாச்சு! அடுத்து என்ன?

முதல்ல உங்களுக்கே ஒரு மெயில்ல ஃபைலை அனுப்பி வைங்க, பென்டிரைவ்ல ஒரு காப்பி. எழுதற காலத்துலயும் தினம் இதைச் செய்யணும், போன் தண்ணில விழுந்து நாவலோட போன கதைகள் கேட்டா வயிறு கலங்கும்.

அப்புறம் ஒரு மாசமாவது தொடாதீங்க. வேற படிங்க, தூங்குங்க, விட்டுப்போன சினிமா பாருங்க. மாசம் கழிச்சு பிரின்ட் எடுத்து, முடிஞ்சா வேற ஃபான்ட்ல, கையில பேனா இல்லாம ஒரே மூச்சா படிச்சுடுங்க. ரெண்டாவது தரம் படிக்கும்போது பேனா எடுக்கலாம், ###களை அப்போ நிரப்பலாம், வசனத்தை எல்லாம் வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க, பொய்யா இருக்கற வசனம் நாக்குலயே தடுக்கும்.

அந்தத் திருத்தத்துக்கு அப்புறம்தான் வேற ஆளுக்கு. மூணு பேர் போதும், அதுல ஒருத்தராவது உங்க சொந்தக்காரரா இல்லாம இருக்கட்டும். "எப்படி இருக்கு"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. எந்தப் பக்கத்துல கீழ வச்சுட்டு எழுந்து போனீங்க, திரும்ப எடுக்க எத்தனை நாள் ஆச்சுன்னு மட்டும் கேட்டு பக்க நம்பரைக் குறிச்சுக்கோங்க. மூணு பேரும் ஒரே இடத்துல வச்சிருந்தா அடுத்த திருத்தத்தை அந்தப் பக்கத்துக்கு ரெண்டு காட்சி முன்னாடிலேர்ந்து ஆரம்பிங்க.